கொழுந்துத் தராசில் வைத்தியத்தை நிறுக்கலாமா?

உழைப்புக்கேற்ற ஊதியம் என்ற கொள்கையை எதிர்த்துப் பேச எவரும் துணியார். வெயிலில் நின்று வியர்வை சிந்தியவனுக்கும் நிழலில் அமர்ந்து பொழுதைக் கழித்தவனுக்கும் ஒரே கூலி அளப்பது நீதியாகாது என்பதைக் கமக்காரன் அறிவான், ஆசிரியன் அறிவான், கந்தோரில் எழுதுவினைஞனாக இருப்பவனும் அறிவான். ஆயினும் உழைப்பை எந்தத் தராசில் நிறுப்பது, அந்தத் தராசு யார் கையில் இருப்பது என்று கேட்கும்போதுதான் அக் கொள்கையின் உண்மை உருவம் வெளிப்படுகின்றது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர், அரச சேவையாளரின் சம்பளத்தை அவர்தம் செயற்றிறனோடு பிணைக்க வேண்டும் என்ற பேச்சு இந் நாட்டில் மீண்டும் மீண்டும் எழுந்து வருகின்றது. வைத்தியசாலைகளும் அப் பேச்சுக்குப் புறம்பானவை அல்ல. எத்தனை நோயாளரைப் பார்த்தார், எத்தனை சத்திரசிகிச்சை செய்தார், எத்தனை பேர் குணமடைந்தனர் என்று கணக்கெடுத்து, அக் கணக்கின்படி வைத்திய நிபுணருக்குப் பணம் கொடுத்தால் காத்திருப்போர் வரிசை குறையும், வேலை சுறுசுறுப்படையும் என்பது அதன் சாரம். கேட்பதற்கு இனிக்கும் இந்த யோசனையை மாத்தளை மாவட்டத்தின் ரிவர்ஸ்டன் மலைச்சாரலில் வைத்துச் சோதித்துப் பார்ப்போம். கொழும்பில் நேராக நிற்கும் தராசு மலையேறும்போது எப்பக்கம் சாய்கின்றது என்பது அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வளைந்து ஏறினால் ரிவர்ஸ்டன். நக்கிள்ஸ் மலைத்தொடரின் அம் முகட்டுக்கு இப்பால் தேயிலையும் மிளகும் ஏலமும் விளையும் ஈரமண். அப்பால் பிட்டவல, இலுக்கும்புர, லக்கல என்று இறங்கிச் செல்லும் நெல்வயல்களும் சேனைகளும். அம் மலையின் அழகைக் காண வருவோர் ஒரு பகலில் ஏறி இறங்கிவிடுகின்றனர். அங்கே வாழ்வோருக்கோ, ஓயாமல் காற்றடிக்கும் அந்த முகடு நோய்க்கும் வைத்தியத்துக்கும் இடையில் நிற்கும் மதில். இருதய நோயோ சிக்கலான பிரசவமோ நேர்ந்தால் நிபுணரைத் தேடி மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு வரவேண்டும். அங்கும் இயலாதெனில் கண்டிக்குச் செல்ல வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மத்திய மலைநாட்டைச் சிதைத்தபோது மாத்தளை மாவட்டமும் தப்பவில்லை. மலைப்பாதை ஒன்று மண்ணுக்குள் புதைந்தால் நோயாளியின் கதி என்னவாகும் என்பதை அந் நாட்கள் யாவருக்கும் உணர்த்தின.

இன்றைய நிலையில் அரச வைத்திய நிபுணருக்கு ஊதியம் எவ்வாறு கிடைக்கின்றது என்பதை முதலில் அறிந்துகொள்வது நலம். தரத்துக்கும் சேவைக் காலத்துக்கும் ஏற்ற அடிப்படைச் சம்பளம் ஒன்று. மேலதிகக் கடமைக்கான கொடுப்பனவு இன்னொன்று. இடையூறு, ஆயத்தநிலை, போக்குவரத்து ஆகிய மூன்றின் பேரால் வைத்தியர் யாவருக்கும் வழங்கப்படும் டி.ஏ.டி. கொடுப்பனவு மற்றொன்று. இக் கொடுப்பனவு 2024 ஜனவரியில் 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. தமக்கும் அவ்வாறே வேண்டுமெனக் கோரி அடுத்த மாதமே 72 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் அடிப்படைச் சம்பளத்தை உயர்த்தியபோது, மேலதிகக் கடமைக் கொடுப்பனவைக் கணக்கிடும் முறை பற்றிய தகராறு மூண்டது. இவை எவற்றிலும் நோயாளி என்ன நன்மை கண்டான் என்ற கேள்விக்கு இடமில்லை. வருடாந்தச் சம்பள ஏற்றத்துக்கு முன்னர் செயலாற்றுகை மதிப்பீட்டுப் படிவம் ஒன்று நிரப்பப்படுகின்றது. அது பெரும்பாலும் சடங்காகவே முடிகின்றது.

இந்த நிலை நல்லதென்று நாம் வாதிட வரவில்லை. காலை எட்டு மணிக்கே வார்டுக்கு வந்து மாலைவரை நின்று உழைக்கும் நிபுணரும் உள்ளார். கடமை நேரம் முடிவதற்கு முன்னரே தனியார் நிலையத்தை நோக்கி விரைபவரும் உள்ளார். மாதமுடிவில் இருவர் கையிலும் ஒரே தொகை விழுகின்றது. உழைப்பவர் மனம் கசப்பது இயல்பே. செயற்றிறனுக்கேற்ற ஊதியத்தை ஆதரிக்கும் நிபுணர்களின் வாதத்தில் நியாயம் உண்டு என்பதை நாம் மனமார ஒப்புக்கொள்கின்றோம்.

எனினும் அவ் ஊதியத்தின் சுவை எத்தகையது என்பதை நிபுணர்கள் அறிவதற்கு வெகுகாலம் முன்னரே அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் இரத்தோட்டையிலும் கம்மடுவவிலும் எல்கடுவையிலும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறும் தோட்டத் தொழிலாளர்கள். நிறுவைக்காரரின் தராசின்முன் நின்று, குறித்த கிலோ இல்லையென்றால் நாள் முழுதும் உழைத்தும் அரைப்பேர் வாங்கித் திரும்பிய அனுபவம் அவர்களுடையது. 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தம் நாட்சம்பளத்தை 730 ரூபா என்று அறிவித்தது. அதில் அடிப்படை 500 ரூபா மாத்திரமே. வரவுக்காக 60 ரூபா, உற்பத்தித்திறனுக்காக 140 ரூபா, விலைப்பங்காக 30 ரூபா என்று எஞ்சியவை நிபந்தனைகளோடு ஒட்டப்பட்டிருந்தன. தோட்ட நிருவாகம் குறித்த அளவு கொழுந்தைப் பறித்தால்தான் 140 ரூபா கைக்கு வரும்.

அந்த அளவு நியாயமாக இருந்ததா? வளமிட்டுக் கவ்வாத்து வெட்டிப் பேணிய மலையில் ஒருத்தி நண்பகலுக்குள் பறித்துவிடும் கொழுந்தை, புல் மண்டிய கிழட்டுத் தேயிலையில் இன்னொருத்தி அந்திவரை நின்றாலும் பறிக்க முடியாது. மழை பொய்த்தால் கொழுந்து இல்லை. உரம் போடாதது நிருவாகத்தின் குற்றம். கூலி குறைவது தொழிலாளிக்கு. தராசு பொய் சொல்லவில்லை. ஆனால் அது கொழுந்தை நிறுத்ததேயன்றி மலையை நிறுக்கவில்லை. 2019ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் அந்த 140 ரூபாவும் 60 ரூபாவும் நீக்கப்பட்டு, அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவாக்கப்பட்டது. 2024இல் சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் 1,550 ரூபா சம்பளத்தோடு வரவுக்காக 200 ரூபாவை மீண்டும் சேர்த்திருக்கின்றது. தொகை மாறுகின்றது, பெயர் மாறுகின்றது; எதை அளப்பது என்ற வழக்கு மாத்திரம் தீர்ந்தபாடில்லை.

கொழுந்துத் தராசில் நேர்ந்த அநீதி வைத்தியத் தராசிலும் நேரும் என்பதற்கு ரிவர்ஸ்டன் மலையின் இருபுறமும் சான்றுகள் உள்ளன.

முதலில் எலிக்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். சேற்றில் கால் வைத்து உழைப்பவரைத் தாக்கும் இந்நோய் 2008ஆம் ஆண்டில் இலங்கையில் பெருமளவில் பரவியது. 7,000க்கும் மேற்பட்டோர் அந் நோய்க்கு ஆளானதாகச் சந்தேகிக்கப்பட்டது; மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. காய்ச்சல் தொடங்கிய உடனே வருபவரைக் காப்பாற்றுதல் எளிது. வயல் வேலையை முடித்துவிட்டுப் போவோம் என்று காத்திருந்து, சிறுநீர் வற்றிய பின்னர் மலைகடந்து வருபவரைக் காப்பாற்றுதல் அரிது. இறந்தவர் தொகையைக் கொண்டு நிபுணரை அளந்தால், நகரத்து நோயாளரைப் பார்ப்பவர் கெட்டிக்காரர் ஆவார். மலைகடந்து வருவோரை ஏற்றுக்கொள்பவர் திறமையற்றவர் ஆவார். மாறாக, பார்த்த நோயாளர் தொகையைக் கொண்டு அளந்தால் வேறொரு விபரீதம் நேரும். சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் விதைப்புக்கு முன்னரே கமக்காரரைச் சந்தித்துத் தடுப்பு மருந்து கொடுத்து நோயைத் தடுப்பார்களாயின், வார்டில் நோயாளர் குறைவர். தலைக்கணக்கில் ஊதியம் பெறும் நிபுணருக்கு அது நட்டம். நோய் குறைந்தால் வருமானம் குறையும் என்ற நிலையில் ஒரு வைத்தியரை நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

அடுத்தது வில்கமுவப் பகுதிக் கமக்காரரை வாட்டும் சிறுநீரக நோய். காரணம் இன்னும் முற்றாகத் துணியப்படாத இந் நோய் ஓசையின்றி வந்து உடலைத் தின்கின்றது. இதில் நிபுணர் செய்யக்கூடியது பெரும்பாலும் நோயின் வேகத்தைக் குறைத்து, குருதிச் சுத்திகரிப்பை ஒழுங்காக நடத்தி, நோயாளிக்குத் தெம்பூட்டுவதே. குணமடைந்தோர் எத்தனை பேர் என்று கேட்டால் அவர் என்ன விடை தருவார்? பத்து ஆண்டுகளாக அந்த மக்களோடு நின்ற நிபுணரின் ஏட்டில் வெற்றி என்று எழுதுவதற்கு ஒரு வரியும் இராது.

மூன்றாவது, தமிழ் மக்களாகிய நமக்கு நேரே சுடும் விடயம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. ஆனால் மத்திய மாகாணத்தின் வைத்தியசாலைகளில், தன் நெஞ்சுவலியைத் தமிழில் சொல்லி அதைத் தமிழில் கேட்பார் இன்றித் தவிக்கும் தோட்டத்துத் தாய் இன்றும் இருக்கின்றாள். ஒரு சிற்றூழியரையோ பக்கத்துக் கட்டில் நோயாளியையோ மொழிபெயர்க்கச் சொல்லி நோயை விசாரிக்கும் நிபுணருக்கு ஒருவரைப் பார்க்க இருவருக்கான நேரம் செல்லும். பொறுமையோடு கேட்பவருக்கு இன்று நட்டமில்லை. ஒரு தலைக்கு இவ்வளவு என்ற முறை வந்துவிட்டால் அந்தப் பொறுமை அவருக்குச் செலவாகும். அரைகுறையாகக் கேட்டு அவசரமாக எழுதிக் கொடுப்பவருக்கு இலாபம் சேரும். மொழிச் சமத்துவத்தைச் சட்டத்தில் எழுதிவிட்டு, சம்பளக் கணக்கில் அதை அழிப்பதற்கு நாம் இடங்கொடுக்கலாகாது.

தலைக்கணக்கு ஊதியம் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யவும் வேண்டியதில்லை. 1977க்குப் பின்னர் அரச வைத்தியர் கடமை நேரத்துக்கு வெளியே தனியார் தொழில் புரிய அனுமதிக்கப்பட்டதிலிருந்து, சனலிங் என்று ஊரார் சொல்லும் முறையில் அது மாலைதோறும் நடந்துகொண்டுதான் இருக்கின்றது. இலக்கம் கூப்பிடுவதும், சில நிமிடங்களில் சீட்டெழுதுவதும், அடுத்த இலக்கம் கூப்பிடுவதும் நமது வாசகர்கள் அறியாததன்று. பணம் தலைக்குத் தலை கணக்கிடப்படும் இடத்தில் நிமிடங்கள் சுருங்குவதைத் தடுத்தவர் யார்?

இனி, நிபுணர்கள் இதைப்பற்றி என்ன எண்ணுகின்றனர் என்பதைப் பார்ப்போம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், இருதயச் சத்திரசிகிச்சை செய்வோர் ஒவ்வொருவரின் நோயாளரிலும் எத்தனை பேர் இறந்தனர் என்ற கணக்கை அரசு வெளியிட்டது. ஊதியம் அதனோடு பிணைக்கப்படவில்லை. பெயர் மாத்திரமே வெளிவந்தது. அதுபற்றி நிபுணர்களிடமே கேட்டறிந்த ஆய்வு 1996இல் வெளியானது. இருதய நோய் நிபுணருள் 100க்கு 82 பேர் அந்தக் கணக்கை அறிந்திருந்தனர். ஆனால் 87 பேர் நோயாளரை யாரிடம் அனுப்புவது என்ற தம் முடிவை அது சிறிதே மாற்றியது அல்லது மாற்றவேயில்லை என்றனர். மிகவும் கடுமையான நோயாளரை ஏற்கத் தயாரான சத்திரசிகிச்சை நிபுணரைக் கண்டுபிடிப்பது முன்னிலும் கடினமாகிவிட்டது என்று 59 பேர் கூறினர். சத்திரசிகிச்சை நிபுணருள்ளே 63 பேர், அத்தகைய நோயாளருக்குச் சத்திரசிகிச்சை செய்யத் தமக்கு விருப்பம் குறைந்துவிட்டது என்று ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டனர். பெயர் வெளிவந்ததற்கே இந்த நிலை என்றால், பணமும் சேர்ந்துவிட்டால் ரிவர்ஸ்டனுக்கு அப்பாலிருந்து வரும் கடைசி நேர நோயாளியை ஏற்பவர் யார்?

அதே நாட்டில் பொது வைத்திய நிபுணரிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட இன்னொரு கருத்தாய்வும் கவனிக்கத்தக்கது. அளவுகோல் சரியானதாக இருக்குமாயின் நல்ல வைத்தியத்துக்கு மேலதிக ஊதியம் கொடுப்பதை ஏற்போம் என்று நால்வரில் மூவர் அளவில் கூறினர். ஆனால் நோயாளரின் உடல்நிலையையும் வறுமையையும் அன்றைய அளவுகோல்கள் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்பதே பெரும்பாலோரின் குறை. நிபுணர்கள் கொள்கையை வெறுக்கவில்லை, அளவுகோலை நம்பவில்லை என்பது இதிலிருந்து புலனாகின்றது. கொழுந்து பறிப்பவளின் முறைப்பாடும் இதுவே அன்றோ?

பிரித்தானியாவின் அனுபவம் இன்னும் பெரியது. 2004ஆம் ஆண்டில் அந் நாடு குடும்ப வைத்தியரின் வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை 146 குறிகாட்டிகளோடு பிணைத்தது. மொத்தப் புள்ளிகள் 1,050. முதலாண்டிலேயே சராசரியாக 100க்கு 91 வீதமான புள்ளிகளை வைத்தியர்கள் தட்டிச் சென்றனர். அரசு எதிர்பார்த்ததற்கு மேல் பணம் செலவாயிற்று. சில நோய்களின் பராமரிப்பு முதலில் மேம்பட்டது உண்மை. இலக்கை எட்டியதும் அந்த முன்னேற்றம் தளர்ந்தது என்றும், புள்ளி கொடுக்கப்படாத பராமரிப்பின் தரம் பின்தங்கியது என்றும், ஒரே நோயாளி தொடர்ந்து ஒரே வைத்தியரைக் காணும் வாய்ப்புக் குறைந்தது என்றும் 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. 2016இல் ஸ்கொட்லாந்து அம் முறையைக் கைவிட்டது. நிபுணர்களுக்கோ அந்த நாட்டில் 1948 முதலே திறமைக்கான தனிக் கொடுப்பனவு இருந்து வந்தது. எவருக்கு எவ்வளவு என்பது நெடுங்காலம் இரகசியமாக வைக்கப்பட்டிருந்தமையால், திறமையை மதித்தனரா முகத்தை மதித்தனரா என்ற ஐயம் அதைவிட்டு நீங்கவேயில்லை.

அமெரிக்காவில் 2003 முதல் 2009 வரை வைத்தியசாலைகளுக்கு இத்தகைய ஊக்கத்தொகை கொடுத்துச் சோதித்தனர். 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளரின் பதிவுகளைக் கொண்டு 2012இல் வெளியிட்ட ஆய்வு, 30 நாட்களுக்குள் நேரும் இறப்பு அதனால் குறைந்ததற்குச் சான்றில்லை என்று முடித்தது. ஆறாண்டுச் செலவு, ஆனைப் பசிக்குச் சோளப்பொரி.

இம் முறை எங்குமே பயன்தரவில்லையோ என்று வாசகர்கள் கேட்கலாம். ருவாண்டா விடை தருகின்றது. அவ் ஏழை நாடு 2006 முதல் கிராமச் சுகாதார நிலையங்களுக்குச் செயற்றிறனுக்கேற்பப் பணம் கொடுத்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தெடுத்த பிற நிலையங்களுக்கும் அதே அளவு பணம் நிபந்தனையின்றி வழங்கப்பட்டது. நிலையங்களில் நடந்த பிரசவங்கள் 100க்கு 23 வீதம் உயர்ந்தன. குழந்தைகளின் நோய்த்தடுப்பு வருகைகளும் கூடின என்று 2011இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. கர்ப்பவதிகள் நான்கு முறை பரிசோதனைக்கு வருவதில் மாற்றம் காணப்படவில்லை. இங்கே அளக்கப்பட்டவை எளிதில் எண்ணக்கூடிய சில பணிகள். பணம் தனியொருவரின் பைக்குச் செல்லாமல் நிலையத்துக்குச் சென்றது. ஏடுகளில் எழுதியது உண்மைதானா என்று வெளியார் வந்து சரிபார்த்தனர். பிரசவங்களை எண்ணலாம், நிபுணர் ஒருவரின் தீர்ப்பை எண்ண முடியுமா? சத்திரசிகிச்சை வேண்டாம் என்று தடுத்தமையே சில வேளைகளில் அவரது உயர்ந்த பணியாக இருக்கும்.

நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து பணிபுரிவோன் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் வகுத்துக் காட்டுகின்றது. அந்த நான்கில் ஒருவரை மாத்திரம் தனியே பிரித்தெடுத்து, வெற்றி முழுவதும் அவருடையது, தோல்வி முழுவதும் அவருடையது என்று கணக்கெழுதுவது அந்தப் பழைய அறிவுக்கும் முரண். இன்றைய வைத்தியசாலையின் நடைமுறைக்கும் முரண். உணர்வழியியல் நிபுணர் இல்லாத நாளில் சத்திரசிகிச்சை நிபுணர் என் செய்வார்? மருந்துக் களஞ்சியம் வெறுமையாய்க் கிடந்த 2022இல் எந்த நிபுணரின் திறமையை எவர் அளந்திருக்க முடியும்? 2024இல் வைத்தியருக்கு மாத்திரம் கொடுப்பனவு உயர்ந்தபோது தாதியரும் ஏனையோரும் கொதித்தெழுந்ததும் இந்த உண்மையின் மறுபக்கமே.

இவற்றைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. நெருக்கடிக்குப் பின்னர் நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் நாட்டைவிட்டு வெளியேறினர். 2023இல் அனுராதபுரம் போதனா வைத்தியசாலையின் சிறுவர் வார்டு ஒன்றை வைத்தியர் இன்மையால் மூட நேர்ந்தது. போதனா வைத்தியசாலைக்கே அந்தக் கதி என்றால் மாத்தளையின் கதியை விளக்க வேண்டியதில்லை. எஞ்சியிருக்கும் நிபுணருக்கு எண்ணிக்கையால் ஊதியம் அளந்தால், எண்ணிக்கை எங்கே மிகுதியோ அங்கேயே அவர் செல்வார். கருவிகள் நிறைந்த கொழும்பிலும் கண்டியிலும் அவர் ஒரு நாளில் முடிக்கும் பணியை, கருவி பழுதாகிக் கிடக்கும் சிற்றூர் வைத்தியசாலையில் ஒரு கிழமையிலும் முடிக்க முடியாது. ஊருக்கு நிபுணர் வேண்டும் என்று கேட்கும் மக்களின் கையாலேயே அவரை ஊரைவிட்டுத் துரத்தும் வேலை இது.

ஆகவே என்ன செய்யலாம்? குறைகூறுவதோடு நின்றுவிடாமல் நமது கருத்தையும் கூறுகின்றோம்.

முதலாவது, மேலதிக ஊதியம் கொடுக்க வேண்டியது இடத்துக்கு. ஆசிரியருக்குக் கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு உண்டு. மாத்தளை, மொனராகலை, முல்லைத்தீவு போன்ற மாவட்டங்களில் வேரூன்றிப் பணிபுரியும் நிபுணருக்கு அதைப்போல் கண்ணியமான தொகையும், குடியிருக்க வீடும், பிள்ளைகளின் கல்விக்கு உதவியும் வேண்டும். மாத்தளையிலிருந்து மலையேறிக் கிழமைக்கு ஒரு நாள் இரத்தோட்டையிலும், முகட்டுக்கு அப்பால் லக்கலப் பக்கத்திலும் சிகிச்சை நிலையம் நடத்தும் நிபுணருக்கு அந்த நாளுக்கென்றே தனிக் கொடுப்பனவு கொடுக்கலாம். மலையை நிறுக்கும் தராசு இதுவே.

இரண்டாவது, செயற்றிறனை அளப்பதாயின் தனியொருவரை விட்டு வைத்தியசாலைப் பிரிவு முழுவதையும் அளக்க வேண்டும். பரிசும் நிபுணர் முதல் சிற்றூழியர் வரை பகிரப்பட வேண்டும். அளக்கப்படுபவை அவர்கள் கைக்கு எட்டியவையாய் இருத்தல் அவசியம். சிகிச்சை நிலையம் குறித்த நேரத்தில் தொடங்கியதா, சத்திரசிகிச்சைக் கூடத்தில் கைகழுவும் ஒழுங்கு பேணப்பட்டதா, வீடு திரும்பும் நோயாளிக்கு அவன் மொழியில் எழுத்துமூலம் அறிவுரை கொடுக்கப்பட்டதா என்பன போன்ற கேள்விகளே போதும்.

மூன்றாவது, கடமை நேரத்தில் கடமையில் இருத்தல் ஊக்கத்தொகைக்கு உரியதன்று. அது வாங்கும் சம்பளத்துக்கே உரிய கடன். வார்டை விட்டு நேரத்தோடு நழுவுபவரைத் திருத்த வேண்டியது ஒழுக்க விதி. ஒரு சிலரின் நழுவலைக் காரணங்காட்டி எல்லா நிபுணரையும் தராசில் ஏற்றுவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகும்.

நான்காவது, தமிழ் நோயாளர் மிகுந்த இடங்களில் தமிழ் தெரிந்த தாதியரையும் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரையும் நியமிக்க வேண்டும். அது இல்லாமல் எந்த அளவுகோலும் நம் மக்களுக்கு எதிராகவே சாயும்.

ஐந்தாவது, திட்டம் எதுவாயினும் அதை வகுப்பதற்கு முன்னர் நிபுணரிடம் கேட்க வேண்டும். தொழிற்சங்கத் தலைவர்களிடம் மாத்திரம் கேட்டால் போதாது; சிறிய வைத்தியசாலையில் தனித்து நிற்கும் நிபுணரிடமும் கேட்க வேண்டும். அவர் அத் திட்டத்தை அறிந்திருக்கின்றாரா, எதை அஞ்சுகின்றார், எதை ஏற்பார் என்று விசாரித்து வெளியிட வேண்டும். உலக வங்கி 2013இல் இந் நாட்டின் சுகாதாரத் துறைக்கு ஒப்புக்கொண்ட 20 கோடி டொலர் கடன், குறித்த குறிகாட்டிகளை எட்டும்போது பணம் விடுவிக்கப்படும் என்ற ஏற்பாட்டோடுதான் வந்தது. விளைவுக்கேற்பப் பணம் என்ற முறை அமைச்சின் வாசலைத் தாண்டி உள்ளே வந்து பல்லாண்டுகள் ஆகின்றன. அது ஒரு நாள் வார்டுக்குள்ளும் நுழையக்கூடும். நுழைந்த பின்னர் கூச்சலிடுவதைவிட, நுழையுமுன் கேட்பதும் பேசுவதும் அறிவுடைமை.

நிபுணர்களுக்கும் ஒரு வார்த்தை. 1945 முதல் இந் நாடு இலவசக் கல்வி தருகின்றது. 1951 முதல் அரச வைத்தியசாலைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை தருகின்றது. உங்கள் படிப்புக்குப் பொதுப்பணம் செலவழிந்தது. அதில் கொழுந்து பறித்தவளின் வியர்வையும் நெல் விதைத்தவனின் வியர்வையும் கலந்திருக்கின்றன. உங்களை எவ்விதத்திலும் அளக்கக்கூடாது என்று நீங்கள் சொல்வீர்களாயின் மக்கள் ஏற்கமாட்டார்கள். நேர்மையான அளவுகோல் எது என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிடில், வைத்தியம் அறியாத ஒருவர் மேசையில் அமர்ந்து அதை எழுதுவார்.

வாசகர்களாகிய கமக்காரரும் கற்றோரும் இதை வைத்தியருக்கும் அரசுக்கும் இடையிலான சம்பளச் சண்டை என்று ஒதுக்கிவிடலாகாது. அந்தச் சண்டையில் தராசின் தட்டில் கிடப்பது நோயாளியின் உயிர். எளிதில் குணமாகும் நோயாளியை விரும்பவும், ஏழையையும் கிழவரையும் தொலைவிலிருந்து வருபவரையும் தவிர்க்கவும் வைத்தியரைத் தூண்டும் ஊதியமுறை எந்தப் பெயரில் வந்தாலும் அதை எதிர்க்க வேண்டும். மலைகடந்து வரும் நோயாளிக்காகக் காத்திருந்து கதவைத் திறக்கும் வைத்தியருக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். அந்தக் கதவைச் சாத்துவதற்குக் காசு கொடுக்க இந்த ஏழை நாட்டிடம் பணம் இல்லை.